விழும் இரண்டு நிமிடங்கள்



சமயமும் உடல்நலமும் சந்திக்கும் ஓர் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். முப்பது ஆண்டுகளாக நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் அந்த இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தினமும் காலையில் அது என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறது, மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் மடியில் மருந்துச் சீட்டுமாக. வலிப்பு நோயைத்தான் சொல்கிறேன்.

ஆனால் நான் முதன்முதலில் வலிப்பைப் பார்த்தது எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில். முசிறிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவின் கடைசித் தங்கை எங்களோடு இருந்தார். எனக்கு ஏழு வயது. சின்ன அத்தைக்கு இருபது இருக்கலாம். அரிசி புடைத்துக்கொண்டே இருப்பார். முறத்தைப் பிடித்த விரல்கள் சட்டென்று நிற்கும். கண் ஒரு பக்கமாக ஏறும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது அத்தையின் குரலாகவே இருக்காது. அடுத்த நொடி முறம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். பாட்டி அலறுவார்: "டேய், சாவியை எடுடா!"

பத்தாயத்துச் சாவி. ஒரு சாண் நீளம், கனத்த இரும்பு. சாமி மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். எனக்கு எட்டாது, கவிழ்த்துப் போட்ட மரக்கால் மேல் ஏறி எடுத்துக்கொண்டு ஓடுவேன். பாட்டி அத்தையின் இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே திணிப்பார். கொஞ்ச நேரத்தில் உதறல் தளரும், மூச்சு குறட்டைபோல வரும், அத்தை அப்படியே தூங்கிப்போவார். அவரை ஒவ்வொரு முறையும் பிழைக்க வைப்பது நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வேறு எந்த வேலையிலும் அந்த வயதில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

ஒரு நாள் சாவி ஆணியில் இல்லை. தாத்தா பத்தாயத்தைத் திறந்துவிட்டு மடியில் செருகிக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார். மாடம், அலமாரி, அடுப்படி எல்லாம் தேடிவிட்டு வெறும் கையோடு அழுதுகொண்டே ஓடி வந்தேன். அத்தை குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பாட்டி முந்தானையால் அவர் வாயோர நுரையைத் துடைத்துவிட்டு, "அங்காளம்மா காப்பாத்திட்டா" என்றார். அன்று யாருக்கும் சாவியின் மேல் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும்போதுதான் புரிந்தது: உடல் முழுக்க உதறும் வலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். இரும்பு கொடுத்தாலும் நிற்கும், வெங்காயத்தை முகரக் கொடுத்தாலும் நிற்கும், வேப்பிலை அடித்தாலும் நிற்கும், ஒன்றும் செய்யாவிட்டாலும் நிற்கும்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. தானாக நிற்கும் ஒன்றுக்கு எந்த வைத்தியம் செய்தாலும் அது பலித்ததாகவே தெரியும். என் பாட்டி அறிவில் குறைந்தவர் இல்லை; கண்ணால் கண்டதை நம்பினார். நூறு முறை சாவி கொடுத்தார், நூறு முறையும் நின்றது. எந்த ஆராய்ச்சியாளர் முன்னும் வைக்கக்கூடிய கணக்கு அது. ஒரே ஒரு தடவை கொடுக்காமல் இருந்து பார்க்கும் துணிவு ஒரு தாய்க்கு எப்படி வரும்?

அந்த இரண்டு நிமிடத்தில் சாவியால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை, பல்லுக்கு இடையில் திணிக்காதவரை. கெடுதல் அதற்குப் பிறகு வந்தது. நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்றால் வந்ததற்கும் காரணம் வேண்டுமே. கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்னான்: தாத்தா வரப்பில் ஒரு பாம்பை அடித்தார், அந்தத் தோஷம். தாத்தா அடித்த பாம்புக்கு அத்தை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஜாதகம் வெளியே போகவில்லை. ஒரு முறை அடுப்புக்குள்ளேயே விழுந்து இடது முன்கை வெந்துபோனது. அந்தத் தழும்பை முந்தானைக்குள் மூடியேதான் கடைசிவரை நடமாடினார். கல்யாணம், வளைகாப்பு எதற்கும் வரமாட்டார். "நல்ல காரியத்துல விழுந்து வச்சேன்னா அவங்களுக்கு ஆகாது" என்பார், அதைத் தானே கண்டுபிடித்ததுபோல. நோய் அத்தையிடம் மாதத்துக்கு இரண்டு நிமிடம், நான்கு நிமிடம்தான் எடுத்துக்கொண்டது. மீதி மாதத்தை எடுத்துக்கொண்டது நாங்கள் நோய்க்குச் சொன்ன காரணம்.

இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்தேன்.

மூளை நரம்பணுக்கள் மெல்லிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதி அணுக்கள் ஒரே சமயத்தில் மிதமிஞ்சித் துடித்தால் அதுவே வலிப்பு. 1873இல் லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுத்தார், மின்துடிப்பைப் பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில். அந்தக் கருவியைப் பற்றி ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929இல் கட்டுரை வெளியிட்டார். இன்று நாம் இ.இ.ஜி. என்கிறோம். ஏன் ஒருவருக்கு இது வருகிறது? பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். தலையில் அடிபட்ட தழும்பாக இருக்கலாம், மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி எதுவாகவும் இருக்கலாம். நம் நாட்டில் அடிக்கடி காண்பது நாடாப்புழுவின் முட்டை, சரியாகக் கழுவாத கீரை காய்கறியோடு வயிற்றுக்குள் போய் மூளையில் சிறு கட்டியாகத் தங்குவது. தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிடும் குடும்பத்திலும் அது வரும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. அந்தக் காலி இடத்தில்தான் தோஷம் வந்து குடியேறுகிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது; இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல். முறையாகச் சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காடு வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபீனோபார்பிட்டால் 1912 முதல் இருக்கிறது, ஃபெனிட்டாயின் 1938 முதல். இரண்டும் மலிவானவை. கர்நாடகத்தின் எலந்தூர் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவருடைய குழுவினரும் இந்தப் பழைய மலிவு மருந்துகளைக் கொண்டே ஊர் ஊராக வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அத்தை காலத்திலும் இந்த மாத்திரைகள் திருச்சியில் கிடைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் பேருந்து இருந்தது. போகவிடாமல் மறித்தது அந்தப் பாம்பு.

இந்தப் போராட்டம் மிகப் பழையது. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல் ஒன்று இருக்கிறது, கி.மு. 400 வாக்கில் எழுதப்பட்டது. 'புனித நோய்' என்பது தலைப்பு. மற்ற நோய்களைவிட இதில் புனிதம் கூடுதலாக ஒன்றுமில்லை, இது மூளையின் நோய் என்று அது வாதிடுகிறது. நோயாளி ஆடுபோல் கத்தினால் ஒரு தெய்வம், குதிரைபோல் கனைத்தால் இன்னொரு தெய்வம், நுரை தள்ளி உதைத்தால் வேறொன்று என்று அந்த ஊர்ப் பூசாரிகள் பிரித்து வைத்திருந்தார்களாம். எங்கள் ஊர்க் கோடாங்கியின் பட்டியலுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அந்த நூலில் என்னை உலுக்கிய இடம் வேறு. நோய் பழகியவர்கள் அது வரப்போவதை உணர்ந்ததும் ஆள் இல்லாத இடத்துக்கு ஓடித் தலையை மூடிக்கொள்கிறார்கள், தெய்வத்துக்குப் பயந்து அல்ல, வெட்கத்தால் என்கிறார் அதை எழுதியவர். சிறு குழந்தைகளோ இருந்த இடத்திலேயே விழுகிறார்கள். பல தடவை ஆன பிறகு தாயிடம் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வெட்கம் இன்னும் தெரியாது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு வைத்தியர் இதைக் கவனித்திருக்கிறார். குழந்தைக்குத் தெரியாத வெட்கம் பெரியவருக்கு எங்கிருந்து வந்தது? சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது.

நம் சொற்களையே பாருங்கள். கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் மருவிக் காக்காய் வலிப்பு ஆனது என்று தமிழாசிரியர்கள் விளக்குவார்கள். மருவிய சொல்லில் ஒரு காகம் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது. மலேசியாவில் மலாய் மொழியில் இந்நோய்க்கு வழங்கிய பழைய பெயரின் பொருள் 'பன்றிப் பைத்தியம்'. அந்தப் பெயரை விட்டு இப்போது மருத்துவப் பெயரைச் சொல்கிறார்கள். கொரியாவில் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து பழைய பெயரை மாற்றி, மூளையின் மின்கோளாறு என்று பொருள்படும் புதுச்சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாமும் காகத்தைப் பறக்கவிட்டு 'வலிப்பு' என்று மட்டும் சொல்லலாம்.

வடமொழியில் இதற்கு அபஸ்மாரம் என்று பெயர். ஸ்மரம் என்றால் நினைவு. நினைவு நீங்கும் நோய். சரகரும் சுஸ்ருதரும் இதைத் தனி நோயாக வைத்து எழுதியிருக்கிறார்கள். நடராசர் காலடியில் கிடக்கும் குள்ள உருவத்துக்கும் அபஸ்மாரன் என்றே பெயர், தமிழில் முயலகன். பழந்தமிழில் முயலகன் என்பது இந்த நோயின் பெயரும்கூட. ஆக, நோயைக் காலால் மிதித்து நிற்கும் தெய்வத்தைத்தான் நாம் கும்பிடுகிறோம். ஆனால் நடைமுறையில் மிதிபட்டது நோய் வந்த மனிதர்.

எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், கொள்ளிடத்தின் வடகரையில் திருவாசி இருக்கிறது. தேவாரத்தில் திருப்பாச்சிலாச்சிராமம். அங்குள்ள நடராசர் காலடியில் முயலகன் இல்லை, பாம்பு இருக்கிறது. கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய். எந்த மருத்துவத்துக்கும் தீராமல் போகவே, பெண்ணைக் கொண்டுவந்து கோயிலிலேயே கிடத்திவிடுகிறான். அந்த வேளையில் திருஞானசம்பந்தர் அங்கு வருகிறார், உணர்வற்றுக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கிறார், மனம் இரங்கிப் பதிகம் பாடுகிறார். நோய் நீங்குகிறது. சேக்கிழார் சொல்லும் வரலாறு இது.

சிறுவயதில் இந்தக் கதையை அற்புதமாகக் கேட்டேன். நரம்பியல் மருத்துவனான பிறகு பதிகத்தைத் திரும்பத் திரும்ப ஓதிப் பார்த்தேன். பாட்டுக்குப் பாட்டு சம்பந்தர் கேட்பது ஒரே கேள்வி. அந்தக் கேள்வி பெண்ணிடம் இல்லை, தகப்பனிடமும் இல்லை. நீ என்ன பாவம் செய்தாய், உன் குலத்தில் யார் பாம்பை அடித்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. இறைவனைப் பார்த்து, இந்தச் சிறுபெண்ணை இப்படி வாட வைப்பது உமக்குப் பெருமையா என்ற பொருளில் கேட்கிறார். பழியைச் சுமக்கத் தோள் வேண்டுமென்றால் அதைத் தெய்வத்தின் தோளில் ஏற்றியிருக்கிறார்; பெண்ணின் மேல் ஒரு சொல்கூட விழவில்லை. பக்தி இலக்கியத்தில் இவ்வளவு துணிச்சலான பரிவை நான் அதிகம் கண்டதில்லை. இன்னொன்றும் உண்டு. கொல்லி மழவன் அரசன். அந்தப்புரத்தில் மகளை ஒளித்துவைக்க அவனுக்கு வசதி இருந்தது. அவன் எல்லோரும் வந்துபோகும் கோயிலில் கிடத்தினான்.

மற்றச் சமய நூல்களிலும் இதே பரிவைப் பார்க்கிறேன். மத்தேயு நற்செய்தியில் வலிப்பு வந்த சிறுவனைப் பழைய தமிழ் வேதாகமம் 'சந்திரரோகி' என்கிறது. நோயை நிலவோடு சேர்த்துப் பார்த்த காலம். அந்தச் சிறுவனைப் பிடித்தது தீய ஆவி என்றுதான் அந்த வரலாறு சொல்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் மாற்கு எழுதியதில் இயேசு தகப்பனிடம் முதலில் கேட்பது, இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று. நான் தினமும் கேட்கும் கேள்வி அது. இஸ்லாமிய மரபில் புகாரி, முஸ்லிம் இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் ஒரு பெண் வருகிறார். தனக்கு வலிப்பு வருகிறது, விழும்போது ஆடை விலகிவிடுகிறது என்று நபிகளிடம் முறையிடுகிறார். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம் உண்டு, வேண்டுமானால் குணமாகப் பிரார்த்திக்கிறேன் என்கிறார் நபிகள். பொறுத்துக்கொள்கிறேன், என் ஆடை மட்டும் விலகாமல் இருக்கப் பிரார்த்தியுங்கள் என்கிறார் அந்தப் பெண். நோயைவிடப் பிறர் பார்வையே அவரை அதிகம் வதைத்திருக்கிறது. அவரைப் பாவி என்று யாரும் சொல்லவில்லை. சொர்க்கத்துக்கு உரியவர் என்றார்கள்.

இவ்வளவு இருந்தும் தெருவில் வேறு சட்டம் நடக்கிறது. அதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மூன்று அமாவாசை கோயிலில் தங்க வேண்டும் என்று ஒரு பெண்ணை அழைத்துப் போகிறார்கள். மாத்திரையும் மந்திரமும் சேராது என்று சொல்லி முதல் நாளே மாத்திரையை நிறுத்துகிறார்கள். பகலெல்லாம் விரதம், இரவெல்லாம் கண்விழிப்பு, காதருகே உடுக்கை. நள்ளிரவில் அவள் விழுகிறாள். "வெளிய வருது பாரு!" என்று கூட்டம் சிலிர்க்கிறது. நடந்தது என்னவென்றால், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், சாப்பாட்டு வேளை தவறினால் சிலருக்கு வரும், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடர்ந்துகூட வரும், உயிருக்கே ஆபத்தாகும். பேயை ஓட்டச் செய்த ஏற்பாடு ஒவ்வொன்றும் வலிப்பை அழைத்துவரும் ஏற்பாடு. சாமியாட்டத்தையே நோய் என்று சொல்ல நான் வரவில்லை. சாமியாடுபவர் உடுக்கைக்கு இசைந்து ஆடுகிறார். வலிப்புக்குத் தாளம் தெரியாது. இரண்டையும் கிராமத்துப் பெரியவர்கள் பலர் என்னைவிட நன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்.

இன்னொரு வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் மகனுக்கு வலிப்பு. அம்மன் குற்றம் என்று முடிவு செய்துவிட்டார்கள். விசாரித்தால், வெள்ளிக்கிழமைதான் அவனுக்குத் தலைக்குச் சுடச்சுட வெந்நீர் ஊற்றுகிறார்கள். வெந்நீர் வலிப்பு என்று ஒன்று உண்டு. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில் அதிகம். தலையில் சூடான நீரை வேகமாக ஊற்றினால் சிலருக்கு வலிப்பு வரும். தண்ணீரின் சூட்டைக் குறைக்கச் சொன்னேன், குளிப்பதற்கு முன் எடுக்க ஒரு மாத்திரை எழுதினேன். அம்மனுக்கு மாவிளக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வேலை தொடங்கிய புதிதில் அப்படிச் சொல்லியிருப்பேன். ஒரு சிறுவன் கையிலிருந்த மந்திரித்த கயிற்றை, "இதெல்லாம் எதுக்கு?" என்று கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தேன். அவனுடைய அப்பா ஒன்றும் பேசவில்லை, கயிற்றைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்கள் மறுபடி வரவில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டில் நான் செய்த தவறுகளில் இது எனக்கு ஆறாத ஒன்று.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா ஊரான ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர். அவர்கள் மனநோயாளிகள், ஆனால் 'பேய் பிடித்திருக்கிறது' என்ற சொல் தொடங்கும் பாதை எங்கே போய் முடியும் என்பதை அந்த விடியல் காட்டியது. அதன் பிறகு வந்த நல்ல மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 'மருந்தும் துஆவும்', அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற திட்டம் தொடங்கியது. தர்காவிலேயே மருத்துவர் உட்காருவார்; வழிபாடு நடத்துபவர்களே நோயாளியை அவரிடம் அனுப்புவார்கள். ஏர்வாடிக்கும் அந்த முறை வந்தது. துஆ ஓதுபவர் வாயால் 'மாத்திரையை விடாதே' என்று ஒரு சொல் வந்தால், அது நான் நூறு முறை சொல்வதற்குச் சமம்.

சட்டமும் வெகுகாலம் தெருவின் பக்கமே நின்றது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். பைத்தியத்தின் பக்கத்திலேயே வலிப்பு. 1999இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட 23 ஆண்டில் அந்த ஒரு சொல்லைக் காட்டி எத்தனை பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சட்டம் போய்விட்டது, பெண் பார்க்கும் கூடம் போகவில்லை. வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெறுகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தில் 1998 முதல் இதற்கென்றே ஒரு பதிவேடு வைத்து அத்தகைய தாய்மார்களைப் பேணி வருகிறார்கள். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்கு ஆகாது. முன்கூட்டியே சொன்னால் மாற்றித் தரலாம். ஆனால் முன்கூட்டியே சொல்வதற்குத்தானே அஞ்சுகிறார்கள்.

கடந்த ஆண்டு ஓர் இளம்பெண்ணை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி நான்கு மாதம். தாயார் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்: "அட்டையிலருந்து மாத்திரைய எல்லாம் பிரிச்சு, சத்து மாத்திரை டப்பாவுல போட்டுக் குடுத்து அனுப்பினேங்கய்யா. அவுக மாமியா, சத்து மாத்திரை மாசக்கணக்கா எதுக்குத்தா, உடம்பு சூடாயிரும்னு வாங்கி வச்சிட்டாக. இவ வாயத் தொறந்து சொல்ல முடியுமாய்யா?" நான்கு ஆண்டாக வலிப்பே வராத பெண். மாத்திரை நின்ற ஒன்பதாம் நாள் மாட்டுக்கொட்டகையில் விழுந்திருக்கிறாள். நாக்கு ஓரம் கிழிந்து கன்னம் வீங்கியிருந்தது. மாமியார் அடுத்த வாரமே அவளை ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனார். ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று ஊர்க்கூட்டம் வரை பேச்சு போனது.

மூன்று மாதம் கழித்து அந்த மாமியாரே வந்தார், மருமகளோடு. நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் கணவரின் தம்பிக்கும் சிறுவயதில் வலிப்பு இருந்ததென்றும், கிணற்றில் விழுந்து போய்விட்டாரென்றும், அதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மடியிலிருந்து அதே சத்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"ஐயா, மறுபடி வந்துட்டா நான் என்ன செய்யணும்? கையக் கால அமுக்கிப் பிடிச்சுக்கவா?"

"பிடிக்க வேண்டாம்மா. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க, தண்ணியும் வேண்டாம். தலைக்கு அடியில சேலைத் தலைப்ப மடிச்சு வைங்க. கடிகாரத்தப் பாருங்க, அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா 108க்குச் சொல்லுங்க."

"இரும்பு?"

"கையில ஒண்ணும் வேண்டாம்மா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் அவ கைய வெறுமனே பிடிச்சுக்கிறலாமா?"

"பிடிச்சுக்கிடுங்க" என்றேன்.